இறுகிய முழங்கைக்கு ஆபரேஷன் செய்த பிறகு மூட்டு நழுவுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். கை, முழங்கை நோயாளிகளோடுதான் என் பொழுதில் பெரும்பகுதி போகிறது. எலும்பு முறிந்து, மாவுக்கட்டு போட்டு, கட்டைப் பிரித்தபோது முழங்கை மரக்கட்டைபோல நின்றுவிட்டது என்று வருகிறவர்கள் நிறையப் பேர். மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் அசையாதபோது ஆபரேஷன். அது முடிந்து கை மடங்கத் தொடங்கியதும், இரண்டாவது வாரத்தில் பெரும்பாலும் ஒரே கேள்வி வரும்: "மடங்குது, ஆனா உள்ளே ஏதோ ஆடுற மாதிரி இருக்கே, கழன்று வந்துடுமா?" அந்தக் கேள்வியையும் அதன் அக்கம்பக்கத்துக் கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

இறுகிப்போனதற்குத்தானே ஆபரேஷன்? இறுகின மூட்டு எப்படித் தளரும்?

முழங்கை மூட்டைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. அடிபட்டாலோ நாள்கணக்கில் அசையாமல் வைத்திருந்தாலோ அந்த உறை தடித்துச் சுருங்கிவிடும். இப்படி விறைத்துக்கொள்வதில் முழங்கையை மிஞ்சிய மூட்டு குறைவு. கையை மடக்கவும் நீட்டவும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்த உறைதான். ஆபரேஷனில் அதை வெட்டி எடுக்கிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால், மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் ஜவ்வுகள் இந்த உறையோடு ஒட்டியே ஓடுகின்றன. மருத்துவர்கள் தசைநார் என்று சொல்வதைத்தான் நாம் ஜவ்வு என்கிறோம். அடிபட்ட கையில் எல்லாமே வெள்ளையாக, தடிப்பாக, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். எது தழும்பு, எது ஜவ்வு என்று பிரித்துப் பார்ப்பதில்தான் சர்ஜனின் கைத்திறன் இருக்கிறது. குறைவாக வெட்டினால் கை மடங்காது, வெட்டக்கூடாததை வெட்டினால் மூட்டு ஆடும்.

இன்னொன்றும் உண்டு. சிலருக்கு முதலில் அடிபட்டபோதே ஜவ்வு அறுந்திருக்கும். இறுகிய உறை மூட்டை அசையவே விடாததால் அது வெளியே தெரிந்திருக்காது. உறையை எடுத்ததும் பழைய தளர்ச்சி தலைகாட்டும். இதை ஆபரேஷன் கெடுத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நல்ல சர்ஜன் ஆபரேஷன் மேசையிலேயே மூட்டை அசைத்துப் பார்த்து, தளர்ச்சி இருந்தால் அங்கேயே சரிசெய்துவிடுவார்.

முழங்கையை எது பிடித்து நிறுத்துகிறது?

முதலில் எலும்பின் அமைப்பு. மேற்கை எலும்பின் கீழ்முனை கிணற்றுக் கப்பி போல இருக்கும். முன்கையில் சுண்டு விரல் பக்கத்து எலும்பு கொக்கிபோல வளைந்து அந்தக் கப்பியைக் கவ்விக்கொள்கிறது. கொக்கியின் முன்னுதடு சின்னதுதான், ஆனால் அது உடைந்து போனால் மூட்டு பின்பக்கமாக நழுவப் பார்க்கும். கட்டை விரல் பக்கத்து எலும்பின் தலை ஒரு துணைத் தூண்.

அப்புறம் ஜவ்வுகள். உள்பக்கம் ஒரு தொகுதி, வெளிப்பக்கம் ஒரு தொகுதி. உள்பக்கத்தில் முன்பட்டை, பின்பட்டை என்று இரண்டு. இதில் முன்பட்டைதான் உயிர்நாடி. வெளிப்பக்கத்தில், கட்டை விரல் பக்கத்து எலும்பின் தலையைச் சுற்றிப் பின்னால் போய்ச் சுண்டு விரல் பக்கத்து எலும்பில் பிடிக்கும் பட்டை ஒன்று உண்டு. அது போனால் முன்கை திருகிக்கொண்டு வெளியே விலகும். இந்த வகை நழுவலை 1991-இல் எலும்பு சர்ஜன் ஷான் ஓ'டிரிஸ்கால் குழுவினர் விவரித்தார்கள்.

மூன்றாவது தசைகள். முழங்கையைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு தசையும் சுருங்கும்போது மூட்டை உள்ளே இழுத்துப் பிடிக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு நோயாளியின் கையில் இருப்பது இந்த மூன்றாவது தூண் மட்டும்தான். அதனால்தான் "நீங்களே அசையுங்கள், நான் அசைத்துவிட மாட்டேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

ஆபரேஷனில் எதையெல்லாம் வெட்டுவார்கள்?

மூட்டு உறையின் முன்பக்கம், பின்பக்கம், கூடுதலாக வளர்ந்த எலும்பு, மேற்கை எலும்பின் குழிகளை அடைத்திருக்கும் தழும்பு. கை மடங்கவே மாட்டேன் என்றால் உள்பக்க ஜவ்வின் பின்பட்டையையும் விடுவிப்பார்கள். மடக்கும்போது இறுகிக் கையைத் தடுப்பது அதுதான். அதை எடுத்தாலும் முன்பட்டை பத்திரமாக இருந்தால் மூட்டு நிற்கும்.

வெளிப்பக்கமாகத் திறந்து, எலும்பின் ஓரத்தை ஒட்டியே போய், ஜவ்வைத் தொடாமல் முன்னும் பின்னும் உள்ள உறையை எடுக்கும் முறை ஒன்றை மான்சா, மோரி என்ற இரண்டு சர்ஜன்கள் 1998-இல் எழுதினார்கள். ஜவ்வைக் காப்பாற்ற வேண்டும் என்ற அந்த அக்கறை இன்றைக்கும் மாறவில்லை. சிலருக்கு ஆர்த்ரோஸ்கோப்பி மூலம், அதாவது மூட்டுக்குள் சின்னக் கேமராவை விட்டு, சிறு துளைகள் வழியாகவே செய்கிறார்கள். ரொம்பவும் இறுகிய கையில் மட்டும் வேறு வழியில்லாமல் ஜவ்வை எலும்பிலிருந்து பிரித்து, வேலை முடிந்ததும் திரும்பத் தைத்து வைப்பார்கள்.

வீட்டுக்குப் போகும் முன் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

"எந்த ஜவ்வைத் தொட்டீர்கள்? திரும்பத் தைத்தீர்களா?"

இந்த ஒரு கேள்வியைத் தயவுசெய்து கேட்டுவிடுங்கள். பதிலை டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்குங்கள். ஜவ்வைத் தொடாத கைக்கும், வெளிப்பக்க ஜவ்வைத் தைத்த கைக்கும், இரண்டு பக்கமும் விடுவித்த கைக்கும் பயிற்சி வேறு வேறு. தழும்பைப் பார்த்து இதை என்னால் கண்டுபிடிக்க முடியாது. "முழங்கை ரிலீஸ்" என்று ஒற்றை வரி எழுதிய தாளோடு வருகிறவரிடம் நான் பயிற்சியைத் தொடங்குவதில்லை, முதலில் சர்ஜனுக்குப் போன் செய்துவிடுவேன். மேசையில் எந்த டிகிரிவரை மடங்கியது, எங்கே தளர்ச்சி தெரிந்தது என்பதையும் கேட்டு வைத்தால் மிகவும் உதவியாக இருக்கும்.

மடக்கும்போது சத்தம் வருகிறது. பயப்பட வேண்டுமா?

மணலைத் தேய்ப்பதுபோல நறநறவென்ற சத்தம், வலியில்லாத சின்னச் சொடக்கு, இவை பெரும்பாலும் தழும்பும் குருத்தெலும்பும் உரசுவதால் வருவது. முதல் சில மாதங்கள் இருக்கும்.

பயப்பட வேண்டிய சத்தம் வேறு. ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், 'கடக்' என்று எலும்பு இடம் மாறித் திரும்பி உட்காருவதுபோல வரும். கூடவே கை ஒரு நொடி கைவிட்டுப் போனதுபோல இருக்கும். கை ஊன்றும்போதும், உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துக்கொண்டு நீட்டும்போதும் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதற்குமேல் அந்தக் கோணத்துக்குப் போகாமல் நிறுத்திவிட்டு, அன்றோ மறுநாளோ சர்ஜனைப் பாருங்கள். திடீரென்று வலியோடு கை பூட்டிக்கொண்டாலோ, முழங்கையின் வடிவமே மாறித் தெரிந்தாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

தரையில் உட்காரலாமா?

உட்காரலாம். எழுந்திருப்பதில்தான் ஆபத்து.

நம் வீடுகளில் தரையில் உட்கார்ந்து எழும்போது என்ன செய்கிறோம் என்று கவனித்துப் பாருங்கள். உள்ளங்கையை உடம்புக்குப் பின்னால் தரையில் ஊன்றி, முழங்கை லேசாக மடங்கிய நிலையில் உடம்பின் எடையை அதன்மேல் ஏற்றி எழுகிறோம். வெளிப்பக்க ஜவ்வு போயிருக்கிறதா என்று பார்க்க டாக்டர் செய்யச் சொல்லும் சோதனையும் கிட்டத்தட்ட இதேதான், நாற்காலிக் கையை ஊன்றி எழச் சொல்வார். அப்போது வலித்தாலோ, கை விட்டுவிடுமோ என்று பயம் வந்தாலோ ஜவ்வு பலமில்லை என்று பொருள்.

என்னிடம் வந்த ஒரு கொத்தனாரை மறக்க முடியாது. வெளிப்பக்க ஜவ்வைத் திரும்பத் தைத்திருந்தார்கள். மூன்றாவது வாரத்தில் 35 டிகிரியிலிருந்து 120 டிகிரிவரை அசைந்தது (முழுதாக நீட்டிய கைதான் 0 டிகிரி, மடங்க மடங்க எண் கூடும்). எங்கள் இருவருக்கும் சந்தோஷம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணப் பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். இடது கையால் இலையை மடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் வலது கையை ஊன்றி எழுந்தார். கடக். திங்கட்கிழமை வந்தபோது முழங்கையைத் தொட விடவில்லை. எக்ஸ்ரேயில் மூட்டுக்குள் இடைவெளி அகலமாகத் தெரிந்தது. நல்லவேளையாக முழுதாக நழுவவில்லை. முழங்கையை மடக்கி, உள்ளங்கையைக் கவிழ்த்து ஸ்ப்ளின்ட்டில் வைத்து, அதற்குள்ளேயே சின்னச் சின்ன அசைவாக மறுபடி தொடங்கினோம். தேறிவிட்டார், ஆனால் இரண்டு மாதக் கூலி போயிற்று. "தூக்காதீர்கள்" என்று அவரிடம் சொல்லியிருந்தேன். "ஊன்றாதீர்கள்" என்று சொல்லவில்லை. அது என் தவறு. அன்றிலிருந்து என் நோயாளிகள் எல்லாருக்கும் எழுந்திருக்கும் முறையைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன்: முழங்காலிட்டு, நல்ல கையால் நாற்காலியைப் பிடித்து எழ வேண்டும். கட்டிலிலிருந்து எழுவதும், கழிவறையில் எழுவதும் அப்படியே.

மல்லாந்து படுத்துக் கையை மேலே தூக்கிப் பயிற்சி செய்யச் சொல்கிறார்களே, ஏன்?

உட்கார்ந்துகொண்டு கையைத் தொங்கவிட்டால் முன்கையின் எடை மூட்டைக் கீழே இழுக்கிறது. கப்பியிலிருந்து கொக்கி விலகப் பார்க்கும். மல்லாந்து படுத்து, மேற்கையைக் கூரையை நோக்கிச் செங்குத்தாக நிறுத்தினால் அதே எடை கொக்கியைக் கப்பியின்மேல் அழுத்தி உட்கார வைக்கிறது. மேற்கையின் பின்பக்கத் தசையும் கூடச் சேர்ந்து இறுகிப் பிடிக்கும். ஜவ்வு பலவீனமான கைக்கு இதைவிடப் பாதுகாப்பான பயிற்சி எனக்குத் தெரியாது.

செய்முறை இதுதான். கெட்டியான மெத்தையிலோ பாயிலோ மல்லாந்து படுங்கள். நல்ல கையால் அடிபட்ட கையின் மேற்கையைத் தாங்கிச் செங்குத்தாக நிறுத்துங்கள். முன்கையை மெதுவாக நெற்றியை நோக்கி இறக்குங்கள். தடை வரும் இடத்தில் பத்து எண்ணும்வரை இருந்துவிட்டு, கூரையைத் தொடப்போவதுபோல நீட்டுங்கள். ஜவ்வைத் தைத்திருந்தால் முதல் சில வாரங்கள் முழுதாக நீட்ட வேண்டாம். கடைசி 30 டிகிரியை விட்டுவிடச் சொல்வது வழக்கம், உங்கள் எல்லையைச் சர்ஜன்தான் சொல்ல வேண்டும். ஒருவேளைக்கு நூறு தடவை செய்து வீங்க வைப்பதைவிட, விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை பத்துத் தடவை செய்வது எவ்வளவோ மேல்.

உள்ளங்கை கவிழ்ந்திருக்க வேண்டுமா, ஏந்தியிருக்க வேண்டுமா?

வெளிப்பக்க ஜவ்வு பலவீனம் என்றால் கவிழ்த்து. உள்பக்க ஜவ்வு பலவீனம் என்றால் ஏந்தி. இரண்டுமே என்றால் கட்டை விரல் மேலே பார்க்கும்படி நடுநிலையில். கவிழ்க்கும்போது திருகும் விசை வெளிப்பக்கத்தை மூடிவிடுகிறது, ஏந்தும்போது உள்பக்கத்தை. எந்த ஜவ்வு என்று கேட்கச் சொன்னது இதற்காகத்தான். உள்ளங்கையைத் திருப்பும் பயிற்சியை முழங்கையை 90 டிகிரி மடக்கி, விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

வேறென்ன அசைவுகளைத் தவிர்க்க வேண்டும்?

வெளிப்பக்க ஜவ்வைத் தைத்தவர்கள் கையைத் தோளிலிருந்து பக்கவாட்டில் விரித்துத் தூக்குவதை ஆறு வாரங்களாவது தவிர்க்க வேண்டும். பார்க்கச் சாதாரணமாகத் தெரியும், வலிக்கவும் வலிக்காது. ஆனால் முன்கையின் எடை முழுவதும் அந்தத் தையலின்மேல் தொங்கும். பக்கத்து இருக்கைமேல் கையைப் போட்டுக்கொள்வது, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பது, கையை விரித்துக்கொண்டு தலை சீவுவது, எல்லாம் இந்த வகை. உள்பக்க ஜவ்வு என்றால் பந்து எறிவதும் துணி உதறுவதும் கூடாது.

எக்ஸ்ரேயில் மூட்டுக்குள் இடைவெளி தெரிகிறது என்கிறார்கள். நழுவிவிட்டதா?

எப்போதும் அப்படி இல்லை. ஆபரேஷன் முடிந்த முதல் நாள்களில் தசைகள் சோர்ந்து கிடக்கும், கை தொங்கும்போது மூட்டு சற்றே விரிந்து தெரியும். நோயாளி தானாகத் தசையை இறுக்கிப் பயிற்சி செய்யச் செய்ய, பெரும்பாலும் மூடிக்கொள்ளும். மூடுகிறதா என்று அடுத்தடுத்த எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். அதுவரை கையைத் தொங்கவிடாமல் ஸ்லிங்கிலோ தலையணைமேலோ தாங்கி வையுங்கள். அதே நேரம் நாள் முழுக்க ஸ்லிங்கிலேயே மாட்டி வைத்தால் பழையபடி இறுகிவிடும்.

எண்ணெய் தேய்த்து நீவி விடலாமா?

கூடாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் இறுகிய முழங்கையோடு வருகிற குழந்தைகளில் பலரின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

ஆந்திராவின் புத்தூரிலிருந்து பெயர் பெற்ற புத்தூர் கட்டு, தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் பலகை மாட்டியிருக்கிறது. மக்கள் அங்கே போவதற்குக் காரணங்கள் உண்டு: செலவு, ஆபரேஷன் பயம், பாட்டி காலத்திலிருந்து வரும் நம்பிக்கை. யாரையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் முழங்கை மற்ற எலும்புகளைப் போன்றது அல்ல. மூட்டின் முன்பக்கத்துத் தசையில் அடிபட்டு ரத்தம் கட்டியிருக்கும்போது அதை அழுத்தி உருவினால், அந்த இடத்தில் தசைக்குள்ளேயே எலும்பு வளரக்கூடும். விரலால் அழுத்திப் பார்த்தால் கல்போலத் தட்டுப்படும். பிறகு கை எந்தப் பக்கமும் போகாது.

ஆபரேஷனுக்குப் பிறகும் இந்த அபாயம் உண்டு. அதைத் தடுக்கத்தான் சிலருக்கு இண்டோமெத்தசின் போன்ற மாத்திரையைச் சில வாரங்கள் கொடுக்கிறார்கள், வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாத்திரை ஒரு பக்கம் வேலை செய்ய, வீட்டில் பெரியவர் ஒருவர் மாலையில் வேப்பெண்ணெய் போட்டு இழுத்து மடக்கினால் எப்படி? எங்கள் தொழிலிலும் நோயாளி அலற அலற மடக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கேயும் எழுந்து வந்துவிடுங்கள். வலியோடு இழுத்தால் மூட்டு வீங்கும், தசை பயந்து பூட்டிக்கொள்ளும், தைத்த ஜவ்வு நீளும்.

தோலில் தழும்பு நன்றாக மூடிய பிறகு, தேங்காய் எண்ணெய் தொட்டு விரல் நுனியால் தழும்பை மட்டும் மெதுவாக வட்டமாகத் தேய்ப்பதில் தவறில்லை.

கைக்கு வெளியே கம்பி மாட்டியிருக்கிறார்கள். அது எதற்கு?

இரண்டு பக்க ஜவ்வும் நம்பகமாக இல்லாதபோது, கதவுக் கீல்போல மடங்கும் சட்டத்தை வெளியே பொருத்துவார்கள். எலும்புக்குள் போகும் கம்பிகள் மூட்டை நழுவாமல் பிடித்துக்கொள்ளும், கையும் மடங்கி நீளும். பொதுவாக ஆறு வாரம்போல இருக்கும். கம்பி தோலுக்குள் போகும் இடத்தைச் சொல்லிக்கொடுத்தபடி தினமும் சுத்தம் செய்யுங்கள். சிவந்து, சீழ் வந்தால் காத்திருக்க வேண்டாம்.

சுண்டு விரல் மரத்துப்போகிறது, அதுவும் தளர்ச்சியாலா?

பெரும்பாலும் இல்லை. முழங்கையை இடித்துக்கொண்டால் ஷாக் அடிப்பதுபோல இருக்குமே, அந்த நரம்பு உள்பக்க ஜவ்வின் பின்பட்டைக்கு மேலேயே ஓடுகிறது. நெடுநாள் மடங்காமல் இருந்த கை திடீரென்று மடங்கும்போது அது இழுபடும். இதை எதிர்பார்த்தே பலருக்கு ஆபரேஷனில் நரம்பைச் சுற்றி விடுவித்துவிடுவார்கள். சுண்டு விரலிலும் மோதிர விரல் பாதியிலும் மரப்பு கூடிக்கொண்டே போனாலோ, விரல்களை விரிக்க முடியாமல் போனாலோ உடனே சொல்லுங்கள். நரம்பு விஷயத்தில் ஒரு வாரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

எவ்வளவு மடங்கினால் போதும்?

1981-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கின் பெர்னார்ட் மோரி குழுவினர் அன்றாட வேலைகளை அளந்து பார்த்துச் சொன்னது: 30 டிகிரியிலிருந்து 130 டிகிரிவரை அசைந்தால் பெரும்பாலான வேலைகளைச் செய்துவிடலாம். உள்ளங்கையைத் திருப்ப இரண்டு பக்கமும் 50 டிகிரி. காதில் போன் வைக்க இன்னும் கொஞ்சம் கூடுதலாக மடங்க வேண்டும் என்பது பின்னால் தெரியவந்தது.

என் அனுபவத்தில் நம்மவர்களுக்கு நீட்டுவதைவிட மடக்குவதுதான் முக்கியம். சோற்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோக வேண்டும், தோடு திருக வேண்டும், சட்டையின் மேல் பித்தானைப் போட வேண்டும். கடைசி 20 டிகிரி நீளாவிட்டால் வாழ்க்கை நின்றுவிடாது. அந்த 20-க்காக ஜவ்வைப் பணயம் வைத்து இழுப்பதை நான் ஏற்பதில்லை. மேசையில் கிடைத்த அசைவில் கொஞ்சம் பிறகு குறைவதும் சகஜம்தான். ஆறு மாதம்வரை, சிலருக்கு ஒரு வருடம்வரைகூட முன்னேற்றம் இருக்கும்.

வண்டி, குடம், வேலை எல்லாம் எப்போது?

ஜவ்வைத் தொடாதவர்கள் முதல் வாரத்திலேயே அந்தக் கையால் சாப்பிடவும் எழுதவும் முயலலாம். ஜவ்வைத் தைத்தவர்களுக்கு ஆறு வாரம்வரை ஒரு டம்ளர் தண்ணீர்தான் எல்லை. தண்ணீர்க் குடம், காஸ் சிலிண்டர், குழந்தையைத் தூக்குவது எல்லாம் மூன்று மாதத்துக்குப் பிறகு, அதுவும் சர்ஜன் பார்த்துச் சொன்ன பிறகு. டூவீலரில் பிரேக் போடும்போது உடம்பின் எடை கைகளில் இறங்கும் என்பதால் அதற்கும் அதே கணக்கு. சப்பாத்தி மாவு பிசைவதும் ஒருவிதத்தில் கை ஊன்றுவதுதான், அதை மறந்துவிடாதீர்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் மூட்டு தளர்வாகவே இருந்தால்?

ஜவ்வு ஆறுவதற்கான காலம் முடிந்தும் 'கடக்' நிற்கவில்லை, ஊன்றினால் நழுவுகிறது என்றால், வேறு இடத்திலிருந்து, உதாரணமாக மணிக்கட்டிலிருந்து, ஒரு தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு) எடுத்துப் புது ஜவ்வாகப் பொருத்தும் ஆபரேஷன் இருக்கிறது. அதற்குப் பிறகு பயிற்சி இன்னும் மெதுவாகத்தான் போகும். அதற்கு முன், கொக்கியின் முன்னுதடும் கட்டை விரல் பக்கத்து எலும்பின் தலையும் முழுதாக இருக்கின்றனவா என்று சி.டி. ஸ்கேனில் பார்த்துக்கொள்வார்கள். எலும்பு குறைந்திருந்தால் ஜவ்வை மட்டும் வைத்து மூட்டை நிறுத்த முடியாது. அந்த ஸ்கேனுக்குப் போகும்போது முதன்முதலில் கை உடைந்த அன்று எடுத்த எக்ஸ்ரேயையும் கையோடு கொண்டுபோங்கள்.